அலமாரியில் காத்திருந்த படங்கள்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழு அன்பர்கள் கேட்டபோது, முதலில் தயங்கினேன். கவிதையைப் பற்றி எழுத என்னிலும் தகுதி வாய்ந்தோர் நம் வட்டத்தில் பலர் உளர். நான் கவிதை எழுதுபவனல்லன், கேட்பவன். எனவே, நாற்பது ஆண்டுகளாக என்னோடு வாழ்ந்து வரும் மற்றோர் ஆர்வத்தின் வழியே ஒரு சிறு வரலாற்றைச் சொல்ல முற்படுகிறேன். அது வீட்டு அலமாரிகளின் வரலாறு. நல்ல திரைப்படங்கள் சில, திரையரங்கில் தோற்று, விமர்சகரால் கைவிடப்பட்டு, அரசால் தடுக்கப்பட்டு, கடைசியில் யாரோ ஒருவரின் வீட்டு வீடியோப் பெட்டிக்குள் உயிர் தரித்திருந்து மீண்டு வந்த வரலாறு.

திரைப்பட வரலாறு என்று நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் படம் எடுத்தவர்களின் வரலாறாகவே இருக்கிறது. படத்தைக் காத்தவர்களின் வரலாறு அடிக்குறிப்பில் ஒடுங்கிவிடுகிறது. தமிழராகிய நமக்கு இது புரியாத செய்தியன்று. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர்கள் இல்லையென்றால் சங்க நூல்களில் எவை நமக்குக் கிடைத்திருக்கும்? அந்த ஏடுகள் இருந்த இடங்களும் அரண்மனை நூலகங்கள் மட்டுமல்ல. சாதாரண வீடுகளின் பரண்களும்தாம். கவிதைக்கு நேர்ந்த அந்த நற்பேறு திரைப்படத்துக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. காரணம் எளியது. திரைப்படத்தை வீட்டில் வைத்துக்கொள்ள யாராலும் இயலவில்லை.

படம் வீட்டுக்கு வந்த கதை

1975-ஆம் ஆண்டு வரை சாதாரண மனிதர் ஒருவர் ஒரு திரைப்படத்தைத் தம் உடைமையாகக் கொள்வதென்பது ஏறத்தாழ நடவாத காரியம். 16 மில்லிமீட்டர் சுருளும் அதை ஓட்டும் கருவியும் திரைப்படச் சங்கங்களுக்கும் செல்வர்களுக்குமே எட்டின. திரையரங்கை விட்டுப் போன படம் போனதுதான். மீண்டும் அது ஊருக்கு வரும்வரை நினைவில் மட்டுமே அதைப் பார்க்கலாம். 1975-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1976-இல் அதே நாட்டின் ஜேவிசி நிறுவனம் விஹெச்எஸ் என்னும் மற்றொரு முறையை அறிமுகப்படுத்தியது. இரண்டுக்கும் இடையே நடந்த போட்டியில் பின்னது வென்றது. படத்தின் தரத்தைவிட, ஒரே நாடாவில் நீண்ட நேரம் பதியலாம் என்பது வாங்குவோருக்குப் பெரிதாகப்பட்டது அவ்வெற்றிக்கு ஒரு முக்கிய காரணம்.

அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்கள் இதைக் கண்டு அஞ்சின. வீட்டில் தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பதிவு செய்வது திருட்டு என்று வழக்குத் தொடுத்தன. 1984 சனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற மிகக் குறுகிய பெரும்பான்மையில், பிறகு பார்ப்பதற்காக ஒருவர் தம் வீட்டில் பதிவு செய்துகொள்வது குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. ஒரேயொரு நீதிபதி மாற்றிச் சொல்லியிருந்தால் வீட்டு அலமாரியின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

நம் நாட்டில் 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதைத் தொடர்ந்து வீடியோ கேசட்டுகளும், அவற்றை நாள் வாடகைக்கு விடும் வீடியோ கடைகளும் சிற்றூர்கள் வரை பரவின. டெக்கையும் டிவியையும் சேர்த்து வாடகைக்கு எடுத்துவந்து இரவு முழுதும் மூன்று படம் பார்த்த தலைமுறை எங்களுடையது. அக்கடைகளில் கலைப்படம் கிடையாது. ஆனால் ஞாயிறு பிற்பகல்களில் தூர்தர்ஷன் மாநில மொழிப் படங்களை ஒளிபரப்பியது. வங்காளமும் மலையாளமும் கன்னடமும் அசாமியும் ஆங்கில எழுத்துகளோடு வீட்டுக்குள் வந்தன. ஊர் உண்ட மயக்கத்தில் உறங்கும் அந்நேரத்தில் விழித்திருந்து பார்த்தவர்கள் சிலரே. அவர்களுள் நானும் ஒருவன். பார்த்ததோடு நில்லாமல் பதிவும் செய்தேன். அந்தக் கேசட்டுகள் என்ன ஆயின என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

கலைப்படம் தகட்டில் ஏறியது

வீட்டு வீடியோ என்பது பெரும்படங்களை மீண்டும் விற்கும் சந்தையாக மட்டுமே நின்றிருக்கலாம். அது அவ்வாறு நில்லாமற் போனதற்கு இரண்டு மூன்று சிறு நிறுவனங்களின் பிடிவாதமே காரணம்.

1956-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஜேனஸ் பிலிம்ஸ் என்னும் நிறுவனம் பெர்க்மன், குரோசாவா, பெலினி போன்றோரின் படங்களை அந்நாட்டுக்குக் கொண்டு சென்றது. 1984-இல் கிரைட்டீரியன் என்னும் பெயரில் ஒரு வெளியீட்டு வரிசை தொடங்கியது. அதன் முதல் வெளியீடுகள் ஆர்சன் வெல்சின் ‘சிட்டிசன் கேன்’ (1941), ‘கிங் காங்’ (1933) ஆகிய இரண்டும். நாடாவில் அல்ல, கிராமபோன் தட்டின் அளவுள்ள லேசர் தட்டில். ‘கிங் காங்’ தட்டின் மற்றோர் ஒலித்தடத்தில் ரொனால்டு ஹேவர் என்னும் திரைப்பட அறிஞர் அமர்ந்து, காட்சி ஓட ஓட அப்படம் எடுக்கப்பட்ட விதத்தை விளக்கிச் சொன்னார். மூலத்தோடு உரையும் சேர்ந்தே வெளிவந்தது. பரிமேலழகர் இல்லாமல் குறளைப் பதிப்பிக்கத் தயங்கும் மரபில் வந்த நமக்கு இதன் அருமை விளங்கும். திரைப்படமும் உரை காணத்தக்க ஒரு நூல் என்ற எண்ணம் அன்று ஒரு தட்டில் வடிவம் பெற்றது.

1990-இல் நியூயார்க்கில் ஒரு தம்பதியர் தொடங்கிய மைல்ஸ்டோன் நிறுவனம் இன்னும் சிறியது. மறக்கப்பட்ட படங்களைத் தேடி எடுப்பதே அதன் வேலை. அது வெளிக்கொணர்ந்த படங்களுள் கவிஞர்கள் அறிந்திருக்க வேண்டியது ‘நான் கியூபா’ என்னும் படம். 1964-இல் சோவியத் ஒன்றியமும் கியூபாவும் சேர்ந்து எடுத்த இப்படத்தை இயக்கியவர் மிகயீல் கலத்தோசோவ். திரைக்கதை எழுதிய இருவருள் ஒருவர் ரஷ்யக் கவிஞர் யெவ்துஷென்கோ. புரட்சியைப் போற்ற எடுக்கப்பட்ட படம். ஆனால் ஹவானாவிலும் அதை விரும்பவில்லை; மாஸ்கோவிலும் விரும்பவில்லை. அது கிடப்பில் போடப்பட்டது. அதில் ஒரு மாணவனின் இறுதி ஊர்வலக் காட்சி வருகிறது. தெருவில் சவப்பெட்டியோடு நடக்கும் கூட்டத்திலிருந்து கேமரா மெல்ல மேலேறி, மாடியில் சுருட்டு சுற்றும் தொழிலாளர்களின் அறைக்குள் நுழைந்து, மறுபக்கச் சன்னல் வழியே வெளியேறி, ஊர்வலத்துக்கு மேலே காற்றில் மிதந்து செல்கிறது. வெட்டே இல்லை. இத்தகைய காட்சியைக் கொண்ட படம் ஏறத்தாழ முப்பதாண்டுகள் உலகின் கண்ணில் படாமல் கிடந்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் திரைப்பட விழாக்களில் காட்டப்பட்டு, 1995-இல் மைல்ஸ்டோன் வழியே வெளியாகி, பின்னர் வீடியோவாக வீடுகளைச் சென்றடைந்தது. 2007-இல் அந்நிறுவனம் அதை ஒரு சுருட்டுப் பெட்டியின் வடிவிலேயே வெளியிட்டது.

அதே 2007-இல் அதே நிறுவனம் மற்றொரு படத்தையும் மீட்டது. சார்லஸ் பர்னெட் என்னும் கறுப்பின மாணவர், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தம் பட்ட ஆய்வுக்காக, வார விடுமுறைகளில், பத்தாயிரம் டாலருக்கும் குறைந்த செலவில் எடுத்த ‘ஆடுகளைக் கொல்பவன்’ என்னும் படம் அது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் ஆட்டுத்தொட்டியில் வேலை செய்யும் ஒருவனின் குடும்ப வாழ்வே கதை. கதை என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு வீடு, ஒரு தெரு, கூரைக்குக் கூரை தாவும் குழந்தைகள், உறக்கம் வராத ஒரு மனிதன். 1970-களின் பிற்பகுதியில் முடிக்கப்பட்ட இப்படத்தை 1990-இலேயே அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காக்கத்தக்க தேசியப் படங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. எனினும் பொதுமக்கள் பார்க்க இயலவில்லை. படத்தில் பயன்படுத்திய பாடல்களுக்கு உரிமை பெறாதிருந்ததே தடை. படத்தின் மொத்தச் செலவைப் போலப் பன்மடங்கு பணம் அப்பாடல்களின் உரிமைக்காகக் கொடுக்கப்பட்ட பின்னரே அது வெளிவந்தது. ஒரு கலைப்படம் மறைவதற்குத் தணிக்கையோ பகையோ தேவையில்லை. ஒரு கையெழுத்துக் குறைவே போதும் என்பதற்கு இது சான்று.

ஒரே ஒரு படம் எடுத்த பெண்

1970-ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற படம் ‘வாண்டா’. எழுதியவரும் இயக்கியவரும் நடித்தவரும் ஒருவரே: பார்பரா லோடன். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், கணவனையும் குழந்தைகளையும் விட்டு நீங்கி, எங்கே போவதென்று தெரியாமல் போகும் ஒரு பெண்ணின் கதை. அவளை நியாயப்படுத்தும் உரையாடல் ஒன்றுகூட இல்லை. அவளுக்காக இரங்கும் இசையும் இல்லை. பரிசு கிடைத்தும் அமெரிக்காவில் அப்படத்தை வெளியிட ஆளில்லை. நியூயார்க்கில் ஒரு திரையரங்கில் சிறிது காலம் ஓடியதோடு சரி. லோடன் அடுத்த முழுநீளப் படத்தை எடுக்காமலே 1980-இல், நாற்பத்தெட்டாம் வயதில், புற்றுநோயால் காலமானார். பத்திரிகைகள் அவரை எலியா கசானின் மனைவி என்றே அறிமுகப்படுத்தின.

இப்படத்தை மறவாமல் இருந்தவர்கள் பிரான்சு நாட்டவர். எழுத்தாளர் மார்கெரீத் துராஸ் அதைப் போற்றிப் பேசினார். நடிகை இசபெல் உப்பேர் முன்னின்று 2004-இல் அங்கே அதை டிவிடியாக வரச் செய்தார். ஒரு நடிகை, தாம் நடிக்காத, தம் மொழியில் இல்லாத, முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் வந்த ஒரு படத்துக்காக எடுத்துக்கொண்ட பொறுப்பு இது. 2007-இல் கலிபோர்னியாவில் ஒரு பழைய படச்சுருள் ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது, அங்கே கிடந்த சுருள்களிடையே ‘வாண்டா’வின் மூலச் சுருள் கிடைத்தது. 2010-இல் அது செப்பனிடப்பட்டது. 2019-இல் கிரைட்டீரியன் வரிசையில் வெளியானது. இன்று திரைப்படம் பயிலும் மாணவர் அதைக் கட்டாயம் பார்க்கிறார். இடைப்பட்ட ஆண்டுகளில் அதை அறுந்துபோகாமல் பிடித்திருந்த நூல்களுள் ஒன்று அந்தப் பிரெஞ்சுத் தகடு.

காற்றின் சதுரங்கம்

இந்த வரலாற்றில் என்னை மிகவும் அலைக்கழித்தது ஈரானியப் படமான ‘காற்றின் சதுரங்கம்’. இதை இயக்கிய முகம்மது ரெசா அஸ்லானி ஒரு கவிஞருங்கூட. 1976-இல் எடுக்கப்பட்ட இப்படத்தின் களம் காஜார் மரபின் இறுதிக் காலத்துத் தெஹ்ரான் மாளிகை ஒன்று. தாய் இறந்துவிட்டாள். நடக்க இயலாத மகள் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். சொத்தைக் கைப்பற்றத் துடிக்கும் மாற்றாந்தந்தை. அவரைச் சூழ்ந்த உறவினர். எவர் பக்கம் நிற்கிறாள் என்று கண்டுகொள்ள முடியாத ஒரு பணிப்பெண். முற்றத்து நீர்த்தொட்டியைச் சுற்றி அமர்ந்து துணி துவைக்கும் பெண்கள், மாளிகைக்குள் நடப்பதையெல்லாம் ஊர்ப்பேச்சாக அலசுகிறார்கள். உட்புறக் காட்சிகள் மெழுகுவர்த்தியின், விளக்கின் ஒளியை நம்பியே எடுக்கப்பட்டவை. ஒளிப்பதிவாளர் ஹூஷங் பஹார்லூ அந்த அரையிருளில் பச்சையையும் செம்பொன்னையும் ஓவியன்போல் குழைத்திருக்கிறார். பணிப்பெண்ணாக நடித்த ஷோரே அக்தஷ்லூ பிற்காலத்தில் ஆஸ்கர் பரிந்துரை வரை உயர்ந்தவர். படம் முடிகையில் கேமரா அந்த மாளிகையை விட்டு எழுந்து, நிகழ்காலத் தெஹ்ரானின் கட்டடங்களைக் காட்டுகிறது. பழைய கதை பழையதன்று என்பதை அவ்வொரு அசைவே சொல்லிவிடுகிறது.

1976-ஆம் ஆண்டுத் தெஹ்ரான் திரைப்பட விழாவில் இதன் திரையிடல் பெருந்தோல்வியாயிற்று. சுருள்கள் முறை மாறி ஓடின என்றும் திரையில் ஒளி மங்கியிருந்தது என்றும் சொல்லப்படுகிறது. விளக்கொளியில் எடுத்த படத்துக்கு மங்கிய கருவியைவிடக் கொடிய பகை உண்டோ? விமர்சகர்கள் எழுந்து போயினர். வெளியிட எவரும் முன்வரவில்லை. மூன்றாண்டுகளில் புரட்சி வந்தது. படம் தடை செய்யப்பட்டது. மூலச் சுருளும் காணாமற் போயிற்று. அஸ்லானி பெரும்பாலும் ஆவணப்படங்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

இங்கேதான் வீட்டு வீடியோ நம் கதைக்குள் நுழைகிறது. 1980-களின் தொடக்கத்தில் ஈரான் அரசு வீடியோவைத் தடை செய்தது. 1990-களின் முற்பாதியில்தான் அத்தடை நீங்கியது. அந்த ஆண்டுகளில் ‘ஃபில்மி’ என்று அழைக்கப்பட்ட மனிதர்கள், பைக்குள் கேசட்டுகளை மறைத்து வீடு வீடாகச் சென்று வாடகைக்குக் கொடுத்தனர். வாடிக்கையாளர் வரவேற்பறையில் அமர்ந்து, பைக்குள் இருப்பதைக் கண்டு, வேண்டியதை எடுத்துக்கொள்வார். பிடிபட்டால் தண்டனை உண்டு. மேலைநாட்டு மசாலாப் படங்களும் புரட்சிக்கு முந்திய ஈரானியப் படங்களும் இவ்வாறு வீடுகளுக்குள் உலவின. பிரதியின் பிரதி, அதன் பிரதி என்று கை மாறிய நாடாக்களில் முகம் தேய்ந்து, நிறம் கரைந்துவிடும். ஆயினும் மக்கள் பார்த்தனர். ‘காற்றின் சதுரங்கம்’ படத்துக்கும் இப்படியொரு மங்கிய வீடியோப் பிரதியே பிற்காலத்தில் மிஞ்சியது. பாதி இருளாகிப்போன அப்பிரதியைப் பார்த்த இளந்தலைமுறைத் திரை ஆர்வலர்கள், அந்த இருளுக்கு அப்பால் ஒரு பெரும்படம் இருப்பதை உணர்ந்து பேசத் தொடங்கினர். தேய்ந்த ஏட்டில் எழுத்து உதிர்ந்த இடங்களுக்கு நடுவே பாட்டின் உயர்வை உணர்ந்த பதிப்பாசிரியரின் நிலையே அவர்கள் நிலையும்.

2014-இல் நடந்தது புனைகதை போலத் தோன்றும். இயக்குநரின் மகன், பழைய திரைப்பட உடைகளும் பொருள்களும் விற்கும் தெஹ்ரான் பழம்பொருட்கடை ஒன்றில், தம் தந்தையின் படத்தின் மூலச் சுருள்களைக் கண்டார். வாங்கினார். தடை நீங்காத படமாதலால் அவை சத்தமின்றிப் பாரிசுக்கு அனுப்பப்பட்டன. மார்ட்டின் ஸ்கோர்செசியின் உலகத் திரைப்படத் திட்டமும் இத்தாலியின் பொலோன்யா திரைப்படக் காப்பகமும் சேர்ந்து அதைச் செப்பனிட்டன. இயக்குநரின் மகளும் அப்பணியில் துணை நின்றார். 2020-இல், எடுக்கப்பட்டு நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, அஸ்லானி தாம் கண்ட ஒளியிலேயே அப்படம் உலகத்தின் முன் ஓடியது.

பழம்பொருட்கடைக்குச் சுருள் வந்தது தற்செயல். மகன் அங்கே போனதும் தற்செயலாக இருக்கலாம். ஆனால் அது வாங்கத்தக்க பொருள் என்றும், அதைக் காண ஓர் உலகம் காத்திருக்கிறது என்றும் உறுதிப்படுத்தியவற்றுள் அந்த மங்கிய வீடியோவுக்கும் பங்குண்டு. தரமற்ற பிரதி என்று நாம் இகழும் ஒன்று சில வேளைகளில் தரமான பிரதிக்கான தேடலை உயிரோடு வைத்திருக்கிறது.

சென்னையில் பிறந்த ‘கல்பனா’

2007-இல் தொடங்கிய மேற்சொன்ன திட்டம், செப்பனிட்ட படங்களை ஆறு ஆறாகத் தொகுத்து வீட்டுத் தகடுகளாகவும் வெளியிட்டு வருகிறது. 2013-இல் வந்த முதற்பெட்டியில் ரித்விக் கட்டக்கின் ‘திதாஸ் என்றொரு நதி’ (1973) இருந்தது. 2020-இல் வந்த மூன்றாம் பெட்டியில், மற்றோர் ஈரானியரான பஹ்ராம் பெய்சாயின் ‘பெருமழை’ இடம்பெற்றது. அதற்கு எஞ்சியிருந்தது ஒரே ஒரு பிரதி. அது இயக்குநரிடமே இருந்தது. கீறல்களும் ஆங்கில எழுத்துகளும் பதிந்த பிரதி. 1,500 மணி நேரத்துக்கும் மேல் உழைத்து அதைச் சீராக்கினர்.

2022-இல் வந்த நான்காம் பெட்டியில் ‘காற்றின் சதுரங்கம்’ இருக்கிறது. அதே பெட்டியில் நம்மோடு தொடர்புடைய படமும் ஒன்று உண்டு. உதயசங்கரின் ‘கல்பனா’ (1948). அந்நடனக் கலைஞர் எடுத்த ஒரே திரைப்படம் அது. இந்திப் படம், ஆனால் படமாக்கப்பட்டது சென்னை ஜெமினி ஸ்டூடியோவில். ‘சந்திரலேகா’ வெளிவந்த அதே ஆண்டு, அதே ஸ்டூடியோ. ஒளிப்பதிவு செய்தவர், பின்னர் ‘ஏழை படும் பாடு’, ‘மர்மயோகி’ ஆகிய படங்களை இயக்கிய கே. ராம்நாத். பாடல்கள் எழுதியவர் இந்திக் கவிஞர் சுமித்ரானந்தன் பந்த். இளம் பத்மினி முதன்முதலில் திரையில் தோன்றியதும் இப்படத்தில்தான்.

எழுத்தாளன் ஒருவன் தன் கதையைப் படத் தயாரிப்பாளரிடம் சொல்வதாகப் படம் தொடங்குகிறது. அத்தயாரிப்பாளருக்குக் கலை வேண்டாம், வசூல் வேண்டும். எழுத்தாளனின் கதையை அவர் ஏற்பதில்லை. படத்துக்குள் எழுதிய தீர்ப்பே படத்துக்கு வெளியேயும் நிகழ்ந்தது. ‘கல்பனா’ வசூலில் தோற்றது. அதன் பிரதி நெகடிவ் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பேணப்பட்டு வந்ததனால், 2012-இல் அது செப்பனிடப்பட்டு அவ்வாண்டுக் கான் விழாவில் திரையிடப்பட்டது. படத்தின் நாயகியும் உதயசங்கரின் துணைவியாருமான அமலா சங்கர், தொண்ணூறு வயது கடந்த நிலையில், அவ்விழாவுக்கு வந்திருந்தார்.

நான் அப்படத்தை முதன்முதலாக முழுமையாகப் பார்த்தது அந்த நான்காம் பெட்டியின் தகட்டில்தான். நம் சென்னையில் கட்டிய அரங்கில், நம்மவர் கேமரா பிடிக்க, ஆடிய ஆட்டத்தைக் காண எனக்கு அமெரிக்கத் தகடு வேண்டியிருந்தது. மகிழ்ச்சியும் நாணமும் ஒருங்கே உண்டாயின. ஒரு ஈரானியப் படமும் ஒரு சென்னைப் படமும் ஒரே பெட்டிக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துச் சிறிது நேரம் அப்படியே அமர்ந்திருந்தேன்.

அலமாரிகளின் முடிவு

தகடும் நாடாவும் நிலையானவை என்று எவரும் எண்ண வேண்டா. நியூயார்க்கில் கொரியாவிலிருந்து குடியேறிய யோங்மன் கிம் என்பவர், தம் சலவைக் கடையின் ஓரத்தில் வீடியோ வாடகையைத் தொடங்கி, அதைப் பெருங்கடையாக வளர்த்தார். எங்கும் கிடைக்காத படம் அங்கே கிடைக்கும் என்ற பெயர் பெற்றது அது. வாடிக்கை குன்றி 2008-இல் கடையை மூட நேர்ந்தபோது, தம்மிடமிருந்த ஏறத்தாழ 55,000 படங்களையும் பிரிக்காமல் காத்து, மக்களுக்குத் திறந்து வைப்போருக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தார். சிசிலித் தீவின் சலேமி என்னும் சிற்றூர் அதை ஏற்றது. கப்பலேறிச் சென்ற அத்தொகுப்பு எதிர்பார்த்தபடி பயன்படாமல் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. பல முயற்சிகளுக்குப் பின் 2022-இல் நியூயார்க்குக்கே திரும்பி வந்து ஒரு திரையரங்கில் இடம்பெற்றது. சியாட்டில் நகரின் ஸ்கேர்குரோ வீடியோ கடை மட்டும் 2014-இல் தன்னை இலாப நோக்கற்ற அமைப்பாக மாற்றிக்கொண்டு நிலைத்தது.

கருவிகளும் மறைந்தன. 2016 சூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் வீடியோ டெக் செய்வதை நிறுத்தியது. புதிதாக அதைச் செய்தவர்களுள் கடைசி நிறுவனமாக அறியப்பட்டது அதுவே. 1998 முதல் அஞ்சலில் தகடு அனுப்பி வந்த நெட்பிளிக்ஸ் 2023 செப்டம்பரில் அச்சேவையை முடித்துக்கொண்டது. இன்று படம் இணையத்தின் வழியே வருகிறது. உரிமைக் காலம் முடிந்தவுடன் சொல்லாமல் போய்விடுகிறது. பார்க்கும் வசதி பெருகியிருக்கிறது; வைத்திருக்கும் உரிமை குறைந்திருக்கிறது.

இப்போது என் கேசட்டுகளின் கதைக்கு வருகிறேன். ஞாயிறு பிற்பகல்களில் நான் பதிவு செய்தவை நூறுக்குச் சற்றுக் குறைவு. சிலவற்றுக்கு மட்டும் பெயர் எழுதியிருந்தேன். பலவற்றில் மாதமும் மொழியும் மட்டுமே இருந்தன. ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, நாடாக்களில் வெண்பூஞ்சை படர்ந்தது. டெக்கும் பழுதாகியிருந்தது. குறுந்தகடுகள் வந்துவிட்ட காலம். எல்லாப் படமும் இனித் தகட்டில் வந்துவிடும் என்று நம்பினேன். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, அனைத்தையும் இரண்டு சாக்கில் கட்டிப் பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டேன். பிளாஸ்டிக் விலை. அன்று அது எனக்குச் சுமை இறங்கியது போலவே இருந்தது.

அந்தச் சாக்குகளில் இருந்த படங்களுள் எத்தனை இன்று தகட்டில் கிடைக்கின்றன என்று நான் பின்னர் தேடிப் பார்த்தேன். நினைவில் நின்ற சில கிடைத்தன. ஓர் அசாமியப் படம் கிடைக்கவில்லை. ஆற்றங்கரையில் ஒரு கிழவர் ஓடத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார். பெயர் நினைவில்லை. இயக்கியவர் யாரென்றும் அறியேன். எங்கோ ஒரு காப்பகத்தில் அது நலமாக இருக்கலாம். இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். ஆயினும் தெஹ்ரான் பழம்பொருட்கடையைப் பற்றிப் படித்த இரவில், ஒருவர் கடையிலிருந்து எடுத்ததை நான் கடையில் போட்டேனே என்று எண்ணி உறக்கம் கொள்ளாமல் கிடந்தேன்.

இதைக் கவிஞர்கள் கூடும் மலரில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வட்டம் இப்பத்தாண்டுகளில் திங்கள் தவறாமல் கூடியிருக்கிறது. படிக்கப்பட்ட கவிதைகளுள் அச்சேறியவை சில, ஏறாதவை பல. கூட்டங்களின் ஒலிப்பதிவு அவரவர் கைப்பேசியில் சிதறிக் கிடக்கிறது. கைப்பேசியை மாற்றும்போது பலர் அவற்றை அழித்துவிட்டதையும் அறிவேன். நம்மிடையே இருந்து மறைந்த இரு கவிஞர்களின் குரல் யாரிடமேனும் இருக்கிறதா என்று சென்ற ஆண்டு கேட்டபோது, ஒருவருடையது மட்டும், பாதிக் கவிதையோடு, கிடைத்தது. பின்னணியில் தேநீர்க் குவளைகளின் ஓசை. ஆனாலும் குரல் அவருடையதே.

எனவே நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்தின் பதிவையும் தேதியும் பெயரும் எழுதி, இரண்டு வேறு வீடுகளில் இரண்டு படிகளாக வைப்போம். தரம் குறைந்தது என்று எதையும் தள்ள வேண்டா. எது சிறந்தது என்பதைப் பின்வருவோர் முடிவு செய்யட்டும். அவர்கள் முடிவு செய்ய ஏதேனும் இருக்க வேண்டுமல்லவா? முதற்படிக்கு என் வீட்டு அலமாரியில், கேசட்டுகள் இருந்த அதே தட்டை ஒழித்து வைத்திருக்கிறேன். கூரையும் செப்பனிட்டாயிற்று. இரண்டாம் வீட்டை அடுத்த கூட்டத்தில் அன்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பத்தாண்டு கண்ட நம் வட்டம் மேலும் பல்லாண்டு தழைக்க வாழ்த்துகிறேன்.